தாமரை விருதும் தில்லித் தமிழரும்

தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்படும் நாளில் தில்லியில் வாழும் தமிழர் இல்லங்களில் ஒரு சிறு பரபரப்பு எழுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பட்டியலில் தமிழ்ப் பெயர்களைத் தேடுகிறோம். எத்தனை என்று எண்ணுகிறோம். அண்டை மாநிலத்தாருக்கு எத்தனை என்றும் மறவாமல் எண்ணுகிறோம். மறுநாள் அலுவலகத்தில் பிறமொழி நண்பர் நம் கையைக் குலுக்கி வாழ்த்தும்போது, அப்படத்தை நாமே எடுத்ததுபோல முகம் மலர்கிறோம். 'படம் எப்படி இருக்கிறது?' என்று அவர் அடுத்துக் கேட்கும்போதுதான் இடர் தொடங்குகிறது. பெரும்பாலும் நாம் அதைப் பார்த்திருப்பதில்லை.

இந்த இடரை ஒரு சிறு நகைச்சுவையாக ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. விருது வழங்கும் மேடை நம் ஊரில் இருக்கிறது. விருது பெற்ற தமிழ்ப் படங்களுள் சிலவற்றை எழுதியவர்கள் நம் ஊரில் வாழ்ந்தவர்கள். அவ்வாறிருந்தும் படம் மட்டும் நம்மை வந்தடைவதில்லை. இது எவ்வாறு நேர்ந்தது என்று சற்றே ஆராய்வோம்.

1953-ஆம் ஆண்டின் படங்களுக்கு முதன்முதலாக விருதுகள் அறிவிக்கப்பட்டு, 1954 அக்டோபரில் வழங்கப்பட்டன. அன்று அவற்றுக்கு 'அரசு விருதுகள்' என்பதே பெயர். முதல் தங்கப் பதக்கம் மராத்தி மொழிக்குச் சென்றது. சானே குருஜியின் நூலைத் தழுவி ஆச்சார்ய அத்ரே எடுத்த 'ஷ்யாம்ச்சி ஆயி' அப்படம். அதே ஆண்டில் சிறந்த செய்திப்படத்துக்கான தங்கப் பதக்கத்தை 'மகாபலிபுரம்' பெற்றது. ஆக, பல்லவர் கல்லில் செதுக்கியது முதலாண்டிலேயே தங்கம் வாங்கிவிட்டது. தமிழர் படச்சுருளில் செதுக்கியது தங்கம் வாங்குவதற்கு மேலும் முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

அடுத்த ஆண்டு, அதாவது 1954-ஆம் ஆண்டின் படங்களுக்கு, தமிழில் வெள்ளிப் பதக்கம் பெற்றது 'மலைக்கள்ளன்'. நாமக்கல் கவிஞரின் நாவல் அது. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' நற்சான்றிதழோடு இரண்டாமிடத்தில் நின்றது. பாடலே இல்லாமல், ஒரு கொலையைப் பலர் வாய்மொழியாகச் சொல்லிச் செல்லும் அப்படத்தை இன்று பார்ப்பவர் எவரும் வரிசையை மாற்றியிருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நடுவர்களை நாம் குறை கூற முற்படவில்லை. நடுவர் குழு ஆண்டுதோறும் மாறுவது. தனக்கு முன் வைக்கப்பட்ட படங்களை மட்டுமே அது பார்க்கிறது. விண்ணப்பிக்காத படம் அதன் கண்ணில் படாது. மேலும், விருதின் ஆண்டு என்பது படம் வெளியான ஆண்டன்று. தணிக்கைச் சான்று பெற்ற ஆண்டு. நம் மலர்களில் ஆண்டுக் கணக்கு குறித்து அடிக்கடி எழும் வாதங்களுக்கு இதுவே காரணம் ஆதலால் இங்கே குறித்து வைக்கிறோம்.

1990-ஆம் ஆண்டுக்கான தங்கத் தாமரையை 'மறுபக்கம்' பெறும் வரை, இந்தியாவின் சிறந்த படம் என்னும் இடத்தில் ஒரு தமிழ்ப் படமும் அமரவில்லை. அதற்குள் மலையாளம் ஐந்து முறை அமர்ந்துவிட்டது: 'செம்மீன்', 'சுயம்வரம்', 'நிர்மால்யம்', 'சிதம்பரம்', 'பிறவி'. கன்னடம் நான்கு முறை: 'சம்ஸ்காரா', 'சோமன துடி', 'கடசிராத்த', 'தபரன கதெ'. வங்கத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே சொல்கிறோம்.

தில்லிக்காரர்களுக்குத் தமிழ் மீது ஓரவஞ்சனை என்று சொல்லி நெஞ்சை ஆற்றிக்கொள்வது நம்மவர் வழக்கம். அவ்வழக்கில் நாமும் இருந்தவர்களே. ஆனால் மேற்கண்ட பட்டியலைச் சற்று உற்று நோக்கினால் வேறொன்று புலப்படும். கன்னடத்தின் நான்கு படங்களும் இலக்கியத்திலிருந்து பிறந்தவை. இரண்டு அனந்தமூர்த்தியினுடையவை, ஒன்று சிவராம காரந்தினுடையது, ஒன்று பூர்ணசந்திர தேஜஸ்வியினுடையது. 'செம்மீன்' தகழியின் நாவல். 'நிர்மால்யம்' எம். டி. வாசுதேவன் நாயர் தம் சிறுகதையைத் தாமே படமாக்கியது. அம்மொழிகளில் எழுத்தாளனும் இயக்குநனும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசினார்கள். தமிழ்ப் படவுலகம் அந்நாளில் நாடக மேடையோடும் வசன எழுத்தோடும் கொண்டிருந்த உறவைச் சிறுகதையோடும் நாவலோடும் கொள்ளவில்லை. கொண்டபோதெல்லாம் விருது வரத் தவறவுமில்லை என்பதுதான் நோக்கத்தக்கது.

ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்', 1964-ஆம் ஆண்டுக்கான விருதுகளில் இந்திய அளவில் மூன்றாவது சிறந்த படம் என்ற நற்சான்றிதழைப் பெற்றது. அவ்வாண்டு முதலிடம் பெற்றது சத்யஜித் ராயின் 'சாருலதா' என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த மூன்றாமிடத்தின் உயரம் விளங்கும். சேரி மாந்தரின் வாழ்வை அவர்கள் பேச்சிலேயே காட்டிய அப்படத்துக்குத் திரையரங்குகளில் பரந்த இடம் கிட்டவில்லை. அவருடைய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாகச் சாகித்திய அகாதெமிப் பரிசும், படமாக லட்சுமிக்கு 1976-ஆம் ஆண்டின் சிறந்த நடிகை விருதும் பெற்றது. கங்காவின் தயக்கத்தையும் சீற்றத்தையும் லட்சுமி ஏற்று நடித்த விதத்தில், நாவலின் தனிமொழிகள் பலவும் முகபாவங்களாக மாறிவிட்டிருந்தன. எழுத்து நடிப்பாகும் இரசவாதம் என்று அதனைக் கூறலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1977-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்ற வெள்ளித் தாமரையைப் பெற்றது ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை'. அதற்குத் திரைக்கதை எழுதியவர் வெங்கட் சாமிநாதன். நெடுங்காலம் தில்லியில் நடுவணரசு அலுவலில் இருந்துகொண்டே தமிழ் விமர்சனத்தை உலுக்கியவர். கோப்புகளோடு பகலைக் கழித்துவிட்டு இரவில் ஓர் அக்கிரகாரத்தைக் கற்பனை செய்து, அதனுள் ஒரு கழுதைக் குட்டியை ஓட்டிவிட்டவர். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தாயற்ற கழுதைக் குட்டியை வளர்க்கத் தொடங்கி, அதனைத் தம் ஊர் அக்கிரகாரத்தில் கொண்டுபோய் விடுகிறார். ஊமைப் பெண்ணொருத்தி அதனைப் பேணுகிறாள். ஊரில் நடக்கும் தீங்குகளுக்கெல்லாம் கழுதை பொறுப்பாக்கப்படுகிறது, கொல்லப்படுகிறது, பிறகு அற்புதங்கள் நிகழ்வதாக நம்பி அதற்கே வழிபாடும் தொடங்குகிறது. பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன். படத்தில் குறைகள் இல்லாமலில்லை. நடிப்பு சில இடங்களில் பயிலாத நடிப்பாகவே நிற்கிறது, தொழில்நுட்பம் தடுமாறுகிறது. ஆனால் வதைத்தவர்களே வணங்கத் தொடங்கும் அந்தத் திருப்பத்தைத் தமிழ்த் திரையில் அதற்கு முன் எவரும் அவ்வளவு துணிவோடு காட்டியதில்லை.

இந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்புக்கு அஞ்சிப் பின்னர் கைவிட்டார்கள். விருது கொடுத்ததும் அரசு. தொலைக்காட்சி நடத்தியதும் அரசு. ஒரு கை நீட்டிய தாமரையை மறு கை மூடிவிட்டது. அலுவலக நடைமுறை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஒரு பிரிவின் ஒப்புதல் அடுத்த பிரிவின் மேசையில் ஆட்சேபணையாக மாறுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். எனினும், தில்லித் தமிழர் ஒருவர் எழுதிய படத்தைத் தில்லித் தமிழர் இல்லங்கள் காண்பதற்கு அமைந்த எளிய வாய்ப்பு அன்றோடு கைநழுவியது என்பதை எண்ணும்போது, நடைமுறை அறிவு ஆறுதல் தருவதில்லை.

'மறுபக்கம்' கதையும் இதற்கு நெருங்கியதே. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்' அதன் மூலம். அவருடைய 'குருதிப்புன'லிலிருந்து பிறந்த 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' ஏற்கெனவே 1982-ஆம் ஆண்டுக்கான சிறந்த முதற்பட இயக்குநர் விருதை ஸ்ரீதர் ராஜனுக்குப் பெற்றுத் தந்திருந்தது. 'மறுபக்க'த்தை இயக்கியவர் கே. எஸ். சேதுமாதவன். வைதிகத் தந்தை நோய்ப்படுக்கையில் கிடக்கிறார். கிறித்தவப் பெண்ணை மணந்து குடும்பத்தின் வெறுப்புக்கு ஆளான மகன் ஊர் திரும்புகிறான். தந்தையின் கடுமைக்குப் பின்னால் இருக்கும் பழைய துயரத்தை அவன் மெல்ல அறியும்போது, தீர்ப்புச் சொல்ல வந்தவன் கேட்பவனாக மாறுகிறான். அதிர்ந்து பேசாத படம். சிவகுமாரின் நடிப்பில் நாம் அதுவரை கண்டிராத ஓர் அடக்கம் அதில் உண்டு. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தயாரித்த இப்படம் திரையரங்குகளுக்கு முறையாக வராமல், விழாக்களிலும் தொலைக்காட்சியிலுமே காட்டப்பட்டது. தமிழுக்கு முதல் தங்கத் தாமரை கொண்டுவந்த படத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு நுழைவுச் சீட்டுகூட விற்கப்படவில்லை.

இங்கே ஓர் இடைப்பிறவரலாக ஒன்று சொல்வோம். சேதுமாதவனும் ஜான் ஆபிரகாமும் கேரளத்தார். 2007-ஆம் ஆண்டுக்கான தங்கத் தாமரையைப் பெற்ற 'காஞ்சிவர'த்தை எடுத்த பிரியதர்சனும் கேரளத்தாரே. 'வீடு' தந்த பாலு மகேந்திரா மட்டக்களப்பில் பிறந்தவர். எழுதியவர்களோ தில்லியில் இருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே இருப்பவனுக்குத் தன் வீட்டுச் சுவரின் விரிசல் கண்ணில் படுவதில்லை. ஓர் அடி வெளியே நிற்பவனுக்குப் படுகிறது. புலம்பெயர்ந்து வாழ்வதால் நாம் இழந்தவற்றையே மலர்தோறும் எழுதி வருகிறோம். வெளியே நிற்பதால் கிட்டும் இந்தப் பார்வையையும் ஒருமுறை எழுதிப் பார்க்கலாம்.

இந்தப் படங்களுள் சிலவேனும் நமக்குக் கிட்டிய ஒரு காலம் இருந்தது. 1980-களில் ஞாயிறு பிற்பகல்களில் தூர்தர்ஷன், விருது பெற்ற பிறமொழிப் படங்களை முறை வைத்து ஒளிபரப்பி வந்தது. அசாமியப் படம் ஒரு வாரம், ஒரியப் படம் ஒரு வாரம் என்று செல்லும். தமிழின் முறை வரும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்போம். அந்நாளில் சிறுவராக இருந்த நமக்கு அப்படங்கள் சலிப்பையே தந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. சண்டை இல்லை, பாட்டு இல்லை. யாரோ ஒருவர் நெடுநேரம் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் தந்தையார் எழுந்திருக்க விடமாட்டார்.

'வீடு' படத்தை நாம் அவ்வாறு பார்த்தோம். 1987-ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் அது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதையும் தந்தது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட ஓர் அலுவலகப் பெண், தங்கையையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு சிறு வீடு கட்ட முற்படுகிறாள். கடன், அனுமதி, கையூட்டு, ஒப்பந்தக்காரரின் ஏமாற்று, சிமெண்டுத் திருட்டு. பாதி எழும்பிய சுவர்களைத் தாத்தாவாகிய சொக்கலிங்க பாகவதர் தொட்டுத் தடவிப் பார்க்கும் காட்சி தமிழ்த் திரையின் உன்னதங்களுள் ஒன்று. இறுதியில் அந்த மனையே குடிநீர் வாரியம் கையகப்படுத்தியது என்று தெரிய வருகிறது. அரசுக் குடியிருப்பின் இரண்டு அறைகளில் அமர்ந்து, ஓய்வு பெறும் நாளில் சாவியை ஒப்படைக்க வேண்டியவர்கள் அப்படத்தைப் பார்த்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். படம் முடிந்ததும் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார், திரையின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளைத் தம் மகன் படித்துச் சொல்லக் கேட்டு முழுப் படத்தையும் எங்களோடு இருந்து பார்த்தவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'உங்கள் மதராசிலும் இப்படித்தானா?' என்று கேட்டார். அதுவரை அவர் அறிந்த தமிழ்நாடு இட்டிலியும் கோபுரமும்தான்.

விருது செய்த உண்மையான வேலை அந்தப் பிற்பகலில் நடந்தது என்பதே நம் கருத்து. விஞ்ஞான் பவன் மேடையில் நடந்தது அதற்கான முன்னேற்பாடு மட்டுமே. விருது இல்லையேல் அப்படம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்திராது. ஞாயிற்றுக்கிழமை இல்லையேல் அந்த விருது எங்கள் குடியிருப்பில் ஒரு செய்தித்தாள் வரியாகவே நின்றிருக்கும். அவ்வாறு படங்களை வீடுதோறும் சுமந்து வந்த தொலைக்காட்சிக்கென்று தேசியத் திரைப்பட விருதுகளில் ஒரு தாமரை இல்லை என்பது வேறு செய்தி. தமிழ்நாட்டு அரசு பெரிய திரைக்கும் சின்னத்திரைக்கும் ஒரே மேடையில் விருது வழங்குகிறது, பாராட்டுவோம். ஆயினும் 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்கு உரிய விருதுகள் 2022 செப்டம்பரில்தான் கைக்குக் கிடைத்தன. ஆண்டு விருது என்பதில் ஆண்டு என்ற சொல்லுக்கு அங்கே வேறு பொருள் போலும்.

மேடையைப் பற்றியும் ஒரு சொல். 2018 மே 3-ஆம் நாள் நடந்த விழாவில் குடியரசுத் தலைவர் பதினொரு விருதுகளை மட்டுமே தம் கையால் வழங்குவார், எஞ்சியவற்றை அமைச்சர் வழங்குவார் என்று அறிவிக்கப்பட்டது. விருதாளர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் விழாவுக்கு வரவில்லை. குடியரசுத் தலைவர் எந்த விழாவிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருப்பதில்லை என்று விளக்கம் தரப்பட்டது. நடைமுறை விதிகளில் ஊறிய நமக்கு அவ்விளக்கம் புரிகிறது. ஆனால் வராதவர்களின் வருத்தமும் புரிகிறது. தொலைவிலிருந்து வந்த ஓர் ஒலிப்பதிவாளருக்கு, நாட்டின் தலைமகன் கையால் பெறும் அந்த ஒரு நிமிடமே அவர் தொழிலுக்குக் கிடைக்கும் ஒரே வெளிச்சம். அவர் பெயர் சுவரொட்டியில் வராது. அவர் படம் நம் ஊர்த் திரையரங்குக்கும் வராது. படத்தைக் காணும் கண்கள் மிகுதியாக இருந்திருந்தால், அந்த ஒரு கைகுலுக்கல் இத்துணைப் பெரிதாகியிராது என்று நாம் எண்ணுகிறோம்.

2020-ஆம் ஆண்டுக்கான தங்கத் தாமரையைச் சுதா கொங்கரா இயக்கிய 'சூரரைப் போற்று' பெற்றது. அதுவும் ஒரு நூலிலிருந்து, விமானப் போக்குவரத்தில் புதுமை செய்த கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து பிறந்ததே. பெருந்தொற்றுக் காலத்தில் அது திரையரங்குகளைத் தொடாமல் இணையவழியே நேராக இல்லங்களுக்கு வந்தது. ஆக, தமிழுக்குத் தங்கம் தந்த மூன்று படங்களுள் இரண்டு திரையரங்கு வழியாக மக்களிடம் வரவில்லை. ஒன்று வந்த நாளிலேயே நம் வீட்டுக்குள் வந்தது. நம் பிள்ளைகள் அதனைப் பார்த்தார்கள். பிறமொழி நண்பர் கேட்டபோது பதில் சொல்ல முடிந்தது. மற்றொன்றைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. 'மறுபக்கம்' என்று ஒரு படம் உண்டென்று நம் மகளிடம் அண்மையில் கூறியபோது, அதில் யார் கதாநாயகன் என்று அவள் கேட்கவில்லை. எதில் பார்க்கலாம் என்று கேட்டாள். நாம் பதில் சொல்ல முடியாமல் நின்றோம்.

திரைப்பட விழா இயக்ககம் 2022-இல் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. விருது வழங்கும் பொறுப்பும், அந்தப் படத்தைத் தயாரித்த உரிமையும் இப்போது ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஆட்சேபணை எழுப்ப அடுத்த பிரிவு என்று ஒன்று இல்லை. ஆகவே அக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம்: 'மறுபக்கம்' படத்தை ஆங்கில வரிகளோடு ஒரு ஞாயிறு பிற்பகலில் தில்லியில் திரையிட இசைவு தர வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று தெரிவிக்க வேண்டும் என்று. நினைவூட்டுக் கடிதம் எழுதுவது நமக்குப் பழகிய தொழில். முதலாவது நினைவூட்டு அடுத்த மாதம் போகும்.